வயலில் போட்ட காசும் பெட்டியில் போட்ட வாக்கும்: நாவிதன்வெளி முதலீட்டாளர் பற்றி

முதலீட்டாளர் என்றால் கொழும்புப் பங்குச் சந்தையில் கணக்கு வைத்திருப்பவர் என்பதே நம்மிடையே பொதுவான எண்ணம். கல்முனைக்கு மேற்கே, கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் நாவிதன்வெளிப் பிரதேசத்தில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். ஆனால் அங்கே காசு போடாத குடும்பம் அரிது. அன்னமலையில் பெரும்போகத்துக்காக நகையை அடகு வைத்து விதைநெல்லும் உரமும் வாங்குகிறவர் இருக்கிறார். சவளக்கடையில் அறுவடை நேரத்தில் நெல்லை வாங்கி அடுக்கிவிட்டு விலை ஏறக் காத்திருக்கும் வியாபாரி இருக்கிறார். மத்தியமுகாமில் கடனுக்குச் சாமான் எடுத்துக் கடை நடத்துகிறவர், கட்டாரில் உழைத்து 15ஆம் கொலனியில் காணி வாங்கும் இளைஞர், கல்முனையில் புடவைக் கடையொன்றில் வேலை பார்த்து மாதச் சம்பளத்தின் 8 சதவீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்குக் கொடுக்கும் பெண் ஆகியோரும் இருக்கிறார்கள். நாளைய வருமானத்தை நம்பி இன்றைய காசைக் கைவிட்டுக் காத்திருப்பவர்கள் இவர்கள் எல்லோரும். இக்கட்டுரையில் முதலீட்டாளர் எனப்படுவோர் இவர்களே.

காசு போடும்போது இவர்கள் காட்டும் கவனம் சாதாரணமானதன்று. வயல் குத்தகைக்கு எடுக்கிறவர் அது வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறதா கடைசியில் இருக்கிறதா, நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை எப்படிப்பட்டவர், போன வருடம் வெள்ளம் எதுவரை ஏறியது என்றெல்லாம் விசாரிக்காமல் முற்பணம் கொடுப்பதில்லை. அதே மனிதர் வாக்களிக்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்: இவர் நமக்கு என்ன கொண்டுவந்தார்? வீதி, கட்டடம், அரச வேலை, மின்விளக்கு. இந்தக் கேள்வி பிழையானதல்ல, போதாதது. கொண்டுவருபவரைத் தெரிவுசெய்வதைவிட, கெடுதலான முடிவொன்றுக்கு எதிராகக் கையுயர்த்தக்கூடியவரைத் தெரிவுசெய்வதே சிறு முதலீட்டாளருக்குக் கூடிய பலன் தரும் என்பது என் வாதம். 2019க்கும் 2023க்கும் இடைப்பட்ட இலங்கை அதற்கான சான்றுகளை வேண்டிய அளவுக்கு மேலாகவே வைத்திருக்கிறது.

முதலில் வரி. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 1 கோடியே 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவுக்கு உயர்ந்தது. வியாபாரிகள் மகிழ்ந்தார்கள். யார்தான் மகிழமாட்டார்? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த வரி வருமானம் இரண்டு ஆண்டுகளில் 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பற்றாக்குறையை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது. 2024 ஜனவரியில் அதே பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகத் திரும்பி வந்தது. பதிவு எல்லையும் 6 கோடிக்கு இறங்கியது. 7 சதவீதச் சலுகை பெற்றவர்கள் நான்கு வருடங்களுக்குப் பின் பழைய அளவுக்கு மேலே இன்னும் 3 சதவீதம் கட்டினார்கள்.

வரிக் குறைப்பை ஆதரிப்போர் இப்னு கல்தூனைத் துணைக்கு அழைப்பதுண்டு. 1981இல் அமெரிக்க ஜனாதிபதி ரேகன்கூட அழைத்தார். ஆட்சியின் தொடக்கத்தில் குறைந்த வரி நிறைந்த வருமானம் தரும் என்று 1377இல் கல்தூன் எழுதியது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன ஆட்சி எளிய செலவில் நடக்கும் ஆட்சி. செலவை அப்படியே வைத்துக்கொண்டு வரியை மட்டும் வெட்டச் சொல்ல அவர் நூலில் இடமில்லை. மக்களின் உடைமைக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் உழைக்கும் ஆசையே செத்துவிடும் என்ற அவருடைய இன்னொரு கருத்தை யாரும் மேடையில் எடுத்துச் சொல்வதில்லை.

அந்த உடைமைக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2021 செப்டெம்பரில் 10 இலட்சம் ரூபாவை ஒரு வருட நிலையான வைப்பில் இட்டு, 8 சதவீத வட்டி பெற்றதாக வைத்துக்கொள்வோம். வங்கிப் புத்தகத்தில் 10 இலட்சத்து 80 ஆயிரம் இருக்கும். அதைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள், ஒரு வருடத்துக்கு முன் 6 இலட்சத்து 36 ஆயிரத்துக்கு வாங்கக்கூடியதாய் இருந்த பொருள்தான். யாரும் திருடவில்லை, வங்கியும் மூடப்படவில்லை. வட்டியை விலக்கி வாழும் முஸ்லிம் வணிகர் இதிலிருந்து தப்பினாரா என்றால், அதுவும் இல்லை. ஒரு டொலருக்கு 203 ரூபா அளவில் பிடித்துவைக்கப்பட்டிருந்த நாணய மாற்று விகிதம் 2022 மார்ச் 7க்குப் பின் அவிழ்ந்து, மே மாதத்தில் 360ஐ எட்டியது. புடவையோ இரும்போ இறக்கி விற்கிறவருக்கு, பழைய சரக்கை விற்ற காசில் புதிய சரக்கின் பாதியளவுதான் கட்டுப்படியானது.

விகிதத்தைப் பிடித்துவைத்த மத்திய வங்கியின் ஆளுநராக அப்போது இருந்தவர் அஜித் நிவாட் கப்ரால். 2021 செப்டெம்பரில் பாராளுமன்ற உறுப்பினர் பதவியை விட்டு நேராக அந்த ஆசனத்துக்கு வந்தவர் அவர். ஆளுநருக்கு நாம் வாக்களிப்பதில்லை. ஆளுநரை நியமிப்பவருக்கு வாக்களிக்கிறோம்.

அம்பாறை மாவட்டத்துக்கு இதைவிட ஆழமாகப் பட்ட அடி வயலில் விழுந்தது. 2021 மே 6 வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. தடை நவம்பரில் விலக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் பெரும்பாலும் கடந்திருந்தது. 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. நெல் என்பது ஒரு போகத்தில் முதிரும் ஒரு முறி. அதில் நகை இருக்கிறது, வட்டி இருக்கிறது, உழவு இயந்திரக் கூலி இருக்கிறது. பயிர் மஞ்சளாகி நின்றால் அடகுக்கடையின் தவணை அதற்காகத் தள்ளிப்போவதில்லை. இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அதில் எனக்கு இயற்கைப் பக்கம் ஒரு சாய்வுகூட உண்டு. ஒரு போகத்துக்குள், பரிசோதனை எதுவுமின்றி, நாடு முழுவதற்கும் ஒரே ஆணையாக அது வந்ததும், வந்தபோது அதைத் தடுத்து நிறுத்தச் சபையில் போதிய கைகள் இல்லாமற்போனதுமே இங்கே நாம் பேசும் விடயம்.

சேமலாப நிதிக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்த நிதியில் ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் கட்டுகிறார்கள். திரளும் பணத்தின் மிகப் பெரும்பகுதி அரச திறைசேரி முறிகளில் போடப்படுகிறது. 2023 ஜூலை 1 அன்று பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் கீழ் அந்த முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. புதியவற்றின் வட்டி முதலில் 12, அதன்பின் முதிர்வுவரை 9 சதவீதம். மாற்றத்துக்கு இணங்காத ஓய்வூதிய நிதிகளின் வருமானத்துக்கு 14க்குப் பதிலாக 30 சதவீத வரி என்று சட்டம் எழுதப்பட்டது. இது எப்படிப்பட்ட விருப்பத் தெரிவு என்பதைப் படிப்பவரே சொல்லலாம். அங்கத்தவருக்கு 9 சதவீதம் உறுதி என்று அரசாங்கம் சொன்னது. புடவைக் கடைப் பெண்ணுக்கு இந்தப் பேரத்தில் ஆசனம் இருக்கவில்லை. அவருக்குப் பதிலாக அங்கே இருந்தவர், அவருடைய மாவட்டம் அனுப்பிய பாராளுமன்ற உறுப்பினர்.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். நாங்கள் அந்த அரசாங்கத்துக்கு வாக்களிக்கவேயில்லை என்று நாவிதன்வெளியார் சொல்லலாம். உண்மை. 2019இல், அம்பாறையைக் குறிக்கும் திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில் வென்றவர் சஜித் பிரேமதாச. சரியாக வாக்களித்தவர்களுக்கும் அதே பணவீக்கம், அதே உரத்தடை. அப்படியானால் சிந்தித்து வாக்களிப்பதால் என்ன பயன்?

விடை 2020 ஒக்டோபர் 22இல் இருக்கிறது. அன்று அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்ற வாக்குகளால் நிறைவேறியது. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பெரும்பான்மை 150. ஆதரித்த 156 பேரில் எட்டுப் பேர் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து தெரிவானவர்கள். அவர்களைக் கழித்தால் 148. அந்த எட்டுப் பேரில் எச்.எம்.எம். ஹரீஸ், பைசல் காசிம் ஆகிய இருவர் திகாமடுல்லையிலிருந்து சென்றவர்கள். கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் தேசிய பெறுகை ஆணைக்குழுவையும் நீக்கிய அதே திருத்தம், இரட்டைக் குடியுரிமை உடையோர் பாராளுமன்றம் வரவும் வழி திறந்தது. அந்த வழியால் வந்து 2021 ஜூலையில் நிதியமைச்சரானவர் பசில் ராஜபக்ஷ. 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்குக் காரணமாகி மக்களின் அடிப்படை உரிமையை மீறியவர்கள் என்று சொன்னோர் வரிசையில் கோட்டாபய, மகிந்த, கப்ரால் ஆகியோருடன் அவர் பெயரும் உண்டு. 20ஆவது திருத்தம் இல்லாவிட்டால் நெருக்கடியே வந்திராது என்று நான் சொல்லவரவில்லை. வரி வெட்டு அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற மாவட்டம் பொதுத் தேர்தலில் தன் கையில் வைத்திருந்த தடையையும் எதிர்ப்பக்கம் கொடுத்தது. அந்த வாக்கு யாருக்குப் போனது என்று ஊர் அறிந்திருந்தது. எதற்குப் போகும் என்று முன்கூட்டிக் கேட்கப்பட்டதா என்பதே என் கேள்வி.

பொருளியலில் இதற்கு எதிராகப் பழைய வாதம் ஒன்றுண்டு. தனி ஒருவரின் வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகச் சிறிது. ஆகவே வேட்பாளரைப் பற்றி ஆராயச் செலவிடும் நேரம் வீண். அறியாமலிருப்பதே அறிவுடைமை என்று 1957இல் அந்தனி டவுன்ஸ் எழுதினார். தேசிய அளவில் இதை மறுப்பது கடினம். பிரதேச சபை வட்டாரத்தில் நிலைமை வேறு. சில நூறு வாக்குகள் ஓர் உறுப்பினரைத் தீர்மானிக்கின்றன. விருப்பு வாக்கிலும் அப்படியே. அதோடு, டவுன்ஸின் வாக்காளர் தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர். நம் ஊரில் அரிசி ஆலைக்காரர் சொல்வதை ஆலைக்கு நெல் கொண்டுவருகிறவர் கேட்கிறார். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஒருவர் எழுப்பும் கேள்வி மறுநாள் தேநீர்க்கடையில் பேச்சாகிறது. ஒருவர் ஆராய்ந்து அறிந்தது ஒரு வாக்கோடு முடிவதில்லை. (முதலாளி தன் வேலையாட்களின் வாக்கைச் சேர்த்து வாங்கிக்கொடுப்பதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஆராய்ச்சியல்ல, கொள்முதல்.)

பெரிய முதலீட்டாளருக்கு வாக்கைவிட எளிய வழி உண்டு. பிடிக்காவிட்டால் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். வெளியேறுவதும் குரல் கொடுப்பதும் என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் பிரித்துக் காட்டியது இதைத்தான். 2022 ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டியிருந்த கொழும்புச் சந்தையில் விவரம் தெரிந்தவர்கள் விற்றுவிட்டு வெளியே நிற்கலாம். அந்தச் சந்தையே ஏப்ரலில் ஒரு வாரம் மூடப்பட்டது என்பது வேறு கதை. வேப்பையடியில் உள்ள இரண்டு ஏக்கர் வயலைத் தூக்கிக்கொண்டு யாரும் சிங்கப்பூர் போக முடியாது. வெளியேற வழியில்லாத முதலுக்குக் குரல் ஒன்றே காப்பு.

இந்த இடத்தில் கரையோர ஊர்களுக்கே உரிய ஒரு முடிச்சு இருக்கிறது. நாவிதன்வெளியிலும் கல்முனையிலும் எழும்பும் வீடுகளிலும் கடைகளிலும் வளைகுடாக் காசு கலந்திருக்கிறது. நாடு முழுவதற்கும் வந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2020இல் 710 கோடி டொலர். விகிதம் பிடித்துவைக்கப்பட்டிருந்த 2021இல் அது 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் விழுந்தது. உழைப்பவர்கள் நாட்டை மறந்துவிடவில்லை. வங்கியில் கிடைத்ததைவிட உண்டியல்காரரிடம் கூட விலை கிடைத்தது. கணக்கில் வராமல் போன அந்த டொலர்கள்தான் பிறகு எரிபொருளுக்கும் மருந்துக்கும் இல்லாமற்போயின. இவ்வளவு பெரிய முதலீட்டாளருக்கு இலங்கைத் தேர்தல் சட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இடமில்லை. காசு தோஹாவில், வாக்கு அன்னமலையில் இருக்கும் உம்மாவிடமோ அம்மாவிடமோ மனைவியிடமோ. குடும்பத்தின் முதலைக் காக்கும் ஒரே வாக்கு ஊரில் இருக்கும் பெண்ணின் கையில் இருக்கிறது என்றால், தேர்தல் காலத்தில் அவரிடம் சமையல் பாத்திரத்தையும் சேலையையும் கொடுத்துவிட்டுப் போவது எவ்வளவு மலிவான பேரம் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் கவனிக்கலாம்.

கொண்டுவருபவர் என்ற அளவுகோலின் எல்லையைக் காட்ட ஒலுவில் துறைமுகத்தைவிட நல்ல உதாரணம் இம்மாவட்டத்தில் இல்லை. துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரபின் கனவாகத் தொடங்கி, டென்மார்க்கின் வட்டியில்லாக் கடனில் ஏறத்தாழ 4 கோடியே 60 இலட்சம் யூரோ செலவில் கட்டப்பட்டு, 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. கொண்டுவந்தார்கள், சந்தேகமேயில்லை. வணிகக் கப்பல்கள் வரவில்லை. மீன்பிடித் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டு ஒலுவிலில் தென்னந்தோட்டங்கள் கடலுக்குப் போயின. கடன்பட்டுப் படகு வாங்கியவர், தென்னங்காணி வைத்திருந்தவர் இருவரும் இழந்தார்கள். அஷ்ரப் 2000இல் இறந்துவிட்டார். பின்னால் வந்தவர்களிடம் கேட்டிருக்க வேண்டியவை திறப்பு விழாத் திகதி பற்றியவையல்ல. மணல் ஓட்டத்தை யார் அளந்தார்கள், ஆண்டுதோறும் மணல் அகற்றும் செலவு எந்த அமைச்சின் வரவுசெலவில் இருக்கிறது, கரை போனால் நட்டஈடு யார் கொடுப்பது? இவை வயல் குத்தகைக்கு எடுக்கிறவர் கேட்கும் கேள்விகளின் வகைதான்.

இவ்வளவையும் சொன்ன பின், இங்கே வாக்கு இனத்தின் வழியே போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நாவிதன்வெளியிலும், கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரம் இன்னும் ஆறாத கல்முனையிலும், நமது ஆள் என்ற கேள்வி முன்னுக்கு வருவதை அறியாமை என்று தள்ளுவது கொழும்பில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களின் சௌகரியம். 2020 பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கும் விநாயகமூர்த்தி முரளிதரனின் அணிக்கும் வாக்குப் பிரிந்து, திகாமடுல்லையின் 7 ஆசனங்களில் ஒன்றுகூடத் தமிழருக்குக் கிடைக்காமற்போனதை அன்னமலையார் மறக்கவில்லை. காணி, எல்லை, செயலகம் என்பன அரசு பிரித்துக்கொடுக்கும் பொருள்களாக இருக்கும்வரை பிரதிநிதித்துவம் உடைமையின் ஒரு பகுதியே. இனவாக்கு, காணி யாருடையது என்பதைக் காக்கலாம். அந்தக் காணி என்ன தரும் என்பதை அது காக்கவில்லை. 2021 மே வர்த்தமானி தமிழ்க் கண்டம், முஸ்லிம் கண்டம் என்று பார்க்கவில்லை. தன் சமூகத்தின் பட்டியலுக்கே வாக்களிக்க முடிவுசெய்தவருக்கும் மூன்று விருப்பு வாக்குகள் இருக்கின்றன. பட்டியலுக்குள் யார் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். சபையில் முன்பு எப்படி வாக்களித்தார், எந்தக் குழுவில் இருந்தார், கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையை எப்போதாவது கையில் எடுத்துப் பேசினாரா என்று பார்க்க இனம் குறுக்கே நிற்பதில்லை.

பார்ப்பதற்கான கருவிகளும் முன்னைவிடக் கூடியிருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையின் ஒப்பந்தங்களையும் கடைக் குத்தகை விவரங்களையும் எழுத்தில் கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அரசியல்வாதிகளின் சொத்து விவரத்தைப் பொதுவில் வைக்கிறது. பாராளுமன்ற வாக்கெடுப்புப் பட்டியல் ஹன்சாட்டில் அச்சாகிறது. ஒரு சீட்டுக்கு ஆள் சேரும்போது விசாரிக்கும் நேரத்தில் கால்வாசி போதும்.

முதலீட்டாளர் கவனிக்கத் தவறும் ஒன்று இன்னும் உண்டு: வாக்களிக்கும் நாள் வருகிறதா என்பதே. 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22 அன்று சொன்னது. நாவிதன்வெளி 2025 மே 6 அன்று வாக்களித்தது. இடையிலுள்ள நீர்ப்பரப்பைக் கடந்தால் வரும் கல்முனை மாநகர சபைக்கு வழக்குக் காரணமாக அன்று தேர்தல் நடக்கவில்லை. வியாபார அனுமதி, வடிகால், சந்தைக் கடை வாடகை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சபை அது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 அன்று முடிந்தது. அதே மாதம் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேர்தல் முறைத் திருத்தத்துக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் சபையில் ஒருவருடைய ஆதரவும் இல்லாமல் தோற்றது. பழைய முறையும் புதிய முறையும் இன்றி, விவசாயமும் கூட்டுறவும் மாகாண வீதிகளும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கீழ் போயின. 2017இல் அந்தத் திருத்தத்துக்குக் கையுயர்த்தியோரில் கிழக்கின் தமிழ், முஸ்லிம் உறுப்பினர்களும் இருந்தார்கள். அதைத் திருத்தும் அதிகாரம் பாராளுமன்றத்திடமே இருக்கிறது. அங்கே திகாமடுல்லைக்கு 7 ஆசனங்கள்.